பார்க்குக்குப் புது எம்.டி. வந்திருக்கிறார்: நம்பலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காசிமேட்டில் எங்கள் தெருக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வேன் பிடித்து ஊருக்குத் தெற்கே ராட்டினம், ரோலர் கோஸ்டர் எல்லாம் இருக்கிற ஒரு பொழுதுபோக்குப் பார்க்குக்குப் போவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாக்கள், மாமாக்கள் எல்லாரும் வீட்டில் இருப்பது அப்போதுதான். அதற்காகவே சீட்டுப் போட்டுக் காசு சேர்ப்போம். நான் ஆறு வயதில் முதல் தடவை போனேன், இப்போது என் மகளோடு போகிறேன். அந்தப் பார்க்குக்குப் புதிதாக ஒருவர் தலைமைக்கு வந்திருக்கிறார், அதற்கு முன்னால் அவர் ஷாப்பிங் மால் நடத்தியவர். செய்தி தெரிந்த நாளிலிருந்து தெருவில் இதே பேச்சுதான். "இனி ராட்டினத்தை எடுத்துட்டு கடையா வெச்சிடுவாங்க" என்கிறார் எதிர்வீட்டு அக்கா. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ஆனால் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தால் எதுவும் தெரியாது. நீங்களும் இப்படி ஒரு பார்க்கை நேசிப்பவராக இருந்தால், என்ன செய்யலாம் என்று நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், அவர் எங்கிருந்து வந்தார் என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கலிபோர்னியா டிஸ்னிலேண்டின் கதையைப் பாருங்கள். 1955இல் திறந்த பார்க் அது. 1994இல் பால் பிரஸ்லர் என்பவர் அதன் தலைவரானார். டிஸ்னி பொருள் விற்கும் கடைகளை நிர்வகித்தவர். கடைக்காரர் கடைக்காரராகத்தான் இருப்பார் என்று ரசிகர்கள் பொருமினார்கள், செலவைக் குறைக்கிறார், பார்க் பொலிவிழக்கிறது என்று அவர் காலம் முழுக்கக் குறை சொன்னார்கள். சரி, சந்தேகம் பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் 2003இல் அதே நாற்காலிக்கு வந்த மேட் வீமெட் யார்? கணக்கு, நிதி என்று வளர்ந்து, பிறகு டிஸ்னியின் கப்பல் பிரிவை நடத்தியவர். கணக்குப்பிள்ளை வந்தால் இன்னும் வெட்டுவார் என்றுதானே நினைப்போம்? 2005இல் வந்த ஐம்பதாவது ஆண்டுக்காகப் பார்க் முழுக்கப் பெயிண்ட் அடித்துப் புதுப்பித்தது அவர் காலத்தில்தான். 2006இல் அவர் போனபோது ரசிகர்கள் வருத்தப்பட்டார்கள். பழைய வேலை ஒரு துப்பு, அவ்வளவுதான்.

அப்புறம், உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. புது ஆள் எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு தடவை போய், இப்போது பார்க் எப்படி இருக்கிறது என்று எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் ஒரு வருஷம் கழித்து "முன்ன மாதிரி இல்ல" என்று சொன்னால், அதை யாரும் மதிக்க மாட்டார்கள், ஏனென்றால் நம் ஞாபகத்தில் சின்ன வயது பார்க் எப்போதும் பளபளப்பாகத்தான் இருக்கும்.

எதை எழுதுவது? எங்கள் பக்கத்தில் விசைப்படகு வாங்கப் போகிறவர் எஞ்சின் சத்தத்துக்கு முன்னால் பலகை இடுக்கையும் ஆணியையும்தான் பார்ப்பார். தடைக்காலத்தில் படகைச் சரியாகப் பழுது பார்த்தாரா, மேலே மட்டும் பெயிண்ட் அடித்துவிட்டாரா என்பது அங்கே தெரிந்துவிடும். பார்க்கிலும் அப்படித்தான். உப்புக்காற்று படுகிற இடமென்றால் ராட்டினத்தின் படிக்கட்டு, கைப்பிடி, போல்ட் பக்கத்தில் துரு எந்த அளவுக்கு இருக்கிறது என்று பாருங்கள். எரியாத பல்புகளை எண்ணுங்கள். ரோலர் கோஸ்டரில் எத்தனை வண்டி ஓடுகிறது என்று பாருங்கள்; இரண்டு ஓட வேண்டிய இடத்தில் ஒன்று ஓடினால் கியூ தானாக இரண்டு மடங்காகும், கூட்டம் அதிகம் என்று நாம் நினைத்துக்கொள்வோம். கழிவறையைக் காலையில் பார்க்காதீர்கள், எந்தப் பார்க்கிலும் காலையில் சுத்தமாகத்தான் இருக்கும், மாலை நாலு மணிக்குப் போங்கள். வேவ் பூலில் விசில் வைத்துக்கொண்டு நிற்கும் ஆட்கள் எத்தனை பேர், குடிதண்ணீர் குழாய் எத்தனை இடத்தில் வேலை செய்கிறது, லாக்கர் வாடகை என்ன, சாப்பாடு என்ன விலை. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள், முடிந்தால் போட்டோ எடுங்கள். இதில் பராமரிப்பைத்தான் நான் முதலில் வைப்பேன், ஏனென்றால் செலவை வெட்ட நினைப்பவர் கை வைத்தால் சட்டென்று வெளியே தெரியாத இடம் அதுதான். 2003இல் டிஸ்னிலேண்டில் ஒரு ரோலர் கோஸ்டர் தடம் புரண்டு ஓர் இளைஞர் இறந்தார், பராமரிப்பு சரியில்லை என்று மாநில அரசின் விசாரணையில் தெரிந்தது.

ஒரு ரைடு மூடியிருந்தால் உடனே கொதிக்க வேண்டாம். எப்படி மூடியிருக்கிறது என்று பாருங்கள். டிஸ்னிலேண்டில் ஸ்பேஸ் மவுண்டன் 2003 முதல் 2005 வரை இரண்டு வருஷத்துக்கு மேல் மூடியிருந்தது, திறந்தபோது தண்டவாளமே புதிது. அதே பார்க்கில் பீப்பிள்மூவர் என்ற மெதுவான வண்டியை 1995இல் நிறுத்தினார்கள், அதே பாதையில் 1998இல் வேகமான ஒன்றை விட்டுப் பார்த்தார்கள், அது 2000இல் நின்றது, அந்தப் பாதை பிறகு பல வருஷம் வெறுமனே நின்றது. உள்ளே ஆள் வேலை செய்கிறதா, எப்போது திறக்கும் என்று போர்டு இருக்கிறதா? இருந்தால் பொறுக்கலாம். தார்ப்பாய் போட்டு மூடி, கேட்டால் "தெரியாதுங்க" என்று பதில் வந்தால், அதை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கையும் பார்க்கலாம், ஆனால் எல்லாப் பார்க்கிலும் முடியாது. பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனி என்றால் வசதி. உதாரணமாக வொண்டர்லா 2014இல் பட்டியலானது. அப்படிப்பட்ட கம்பெனியில் எம்.டி. மாறினால் பங்குச் சந்தைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அந்த அறிவிப்பில் அவரைப் பற்றிய குறிப்பும் இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கில் இரண்டு எண்ணைத் தேடுங்கள்: எத்தனை பேர் வந்தார்கள், ஒருவர் சராசரியாக எவ்வளவு செலவு செய்தார். இரண்டும் ஏறினால் நல்லது. வருபவர்கள் குறைந்து ஆளுக்கு ஆகும் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனால், எங்கள் தெரு மாதிரி சீட்டுப் போட்டு வருகிறவர்கள் மெல்ல வெளியே போகிறோம் என்று அர்த்தம். 2022இல் டிஸ்னியின் கணக்கறிக்கையில் டிஸ்னிலேண்டுக்கு வருபவர்களின் கலவை, அதாவது எந்த மாதிரி ஆட்கள் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பது, சாதகமாக இல்லை என்று ஒரு வரி வந்தது. ஆண்டுப் பாஸ் வாங்கி அடிக்கடி வரும் ரசிகர்கள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அந்த வார்த்தையையே டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு பார்க்குக்குப் போனார்கள். டிக்கெட் விலையைப் பார்க்கும்போது வரியைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள், வரி மாறியதற்கு எம்.டி.யைத் திட்டுவது நியாயமில்லை. 2018 ஜனவரியில் இப்படிப்பட்ட பார்க் டிக்கெட்டுக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது.

ரைடில் நிற்கும் பிள்ளைகளிடம் பேசுங்கள், ஆனால் "புது எம்.டி. எப்படி?" என்று கேட்காதீர்கள். அவர்கள் பிழைப்பு அது. "முன்ன இங்க எத்தனை பேர் நிப்பீங்க, இப்ப எத்தனை பேர்?" என்று கேட்டால் போதும், மீதி நமக்கே புரியும். முகம் தெரிய வீடியோ எடுக்க வேண்டாம்.

இவ்வளவும் கையில் இருந்தால் கடிதம் எழுதலாம். ஒரே பக்கம், தமிழிலேயே, அவர் பெயருக்கே. நல்லதாக மாறியிருக்கிற ஒன்றை முதலில் சொல்லுங்கள், இருந்தால் மட்டும். பிறகு இரண்டு குறை, தேதியோடு. கடைசியில் பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு கேள்வி, "அந்த ராட்டினம் எந்த மாதம் திறக்கும்?" என்பதுபோல. நகல் எடுத்து வையுங்கள்.

பாதுகாப்புக் குறை மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. பெல்ட் பூட்டவில்லை, கம்பி ஆடுகிறது என்றால் ஏறாதீர்கள், அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை. 2025 மே மாதம் சென்னை ஈ.சி.ஆரில் ஒரு பார்க்கில் ஒரு ரைடு உயரத்திலேயே நின்றுபோய் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மேலே மாட்டிக்கொண்டார்கள், தீயணைப்புத் துறையினர் வந்துதான் இறக்கினார்கள்.

எவ்வளவு நாள் பார்ப்பது? நான் ஒரு வருஷம் கொடுப்பேன், ஒரு மழைக்காலமும் ஒரு கோடை விடுமுறையும் அதற்குள் வந்துவிட வேண்டும். மூன்று மாதத்தில் தெரிவதெல்லாம் புது போர்டும் புது யூனிஃபார்மும்தான். மழைக்குப் பிறகு துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தார்களா, மே மாதக் கூட்டத்துக்கு ஆள் சேர்த்தார்களா என்பதில் அவர் யார் என்று தெரியும்.

எங்கள் நோட்டு இப்போது என் மகளிடம் இருக்கிறது. எரியாத பல்பு 43, மூடிய ரைடு 3, நாலு மணிக்குத் தண்ணீர் வராத குழாய் 2. அடுத்த தடைக்காலத்தில் வேன் கிளம்பும்போது அதைத்தான் முதலில் பையில் வைக்கப் போகிறோம், எதிர்வீட்டு அக்காவும் ஒரு பேனாவோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.