பட்டறைச் சுவருக்குப் பெயிண்ட்: கீழ் நாலடியில்தான் விஷயம்

வீட்டு ஹாலுக்கு வாங்குவது மாதிரி கலர் கார்டை மட்டும் பார்த்துப் பட்டறைக்குப் பெயிண்ட் வாங்காதீர்கள். கிரீஸ் கை படுவதும் இரும்பைச் சாய்த்து வைப்பதும் தரையிலிருந்து நாலடி உயரத்துக்குள்தான். ஓதம், அதாவது சுவரில் ஊறும் ஈரம், ஏறுவதும் அதே இடத்தில்தான். கிரீஸைத் துடைக்க, எண்ணெய் கலந்த பெயிண்டான எனாமல் வசதி. ஓதத்துக்கோ எனாமல் ஆகவே ஆகாது. அதனால் முதலில் சுவரைச் சோதிக்க வேண்டும்.

1. ஈரம் பாருங்கள்

இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் ஷீட்டைச் சுவரின் அடிப்பகுதியில் வைத்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி மூடுங்கள். ஒரு நாள் கழித்து உள்பக்கம் நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் பொறுங்கள். ஈரச் சிமெண்டில் இருக்கும் காரம் எனாமலில் உள்ள எண்ணெயைச் சோப்பு மாதிரி ஆக்கிவிடும். பெயிண்ட் பிசுபிசுத்து உரிவது அதனால்தான். பெயிண்டரைத் திட்டிப் பயனில்லை.

2. சுவரைச் சுத்தம் செய்யுங்கள்

உள்ளங்கையால் தேயுங்கள். கையில் வெள்ளையாக ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. அதன்மேல் எதை அடித்தாலும் சுண்ணாம்போடு சேர்ந்து கழன்று வரும். முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் துடையுங்கள். உப்பு பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். எண்ணெய்க் கறையைச் சலவை சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

விரிசலையும் ஆணி ஓட்டையையும் மட்டும் பட்டி வைத்து அடையுங்கள். சுவர் முழுக்கப் பட்டி போடுவது இங்கே வீண். ஒரு கம்பி இடித்தால் சில்லாகப் பெயரும்.

3. பெயிண்டைத் தேர்ந்தெடுங்கள்

டிஸ்டெம்பர் மலிவுதான், ஆனால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் கரைந்து வரும். மேல்பகுதிக்கு, தண்ணீர் கலந்து அடிக்கும் வெள்ளை அக்ரிலிக் எமல்ஷன் போதும். பளபளப்பில்லாத மேட் வகையாக வாங்குங்கள். சுவரின் மேடு பள்ளம் தெரியாது, கண்ணும் கூசாது. வெல்டிங் நடக்கும் இடத்தில் சில்வர் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். ஆர்க் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, பக்கத்தில் நிற்பவர் கண்ணையும் பதம் பார்க்கும்.

கீழ் நாலடிக்கு, பாலித்தீன் சோதனையில் சுவர் காய்ந்திருந்தால் சாம்பல் நிற எனாமல். ஓதம் தெரிந்தால் வெளிச்சுவருக்கு அடிக்கும் எமல்ஷனையே உள்ளேயும் அடியுங்கள். அது எனாமல் அளவுக்கு ஈரத்தை அடைத்து வைக்காது, பூஞ்சையையும் ஓரளவு தாங்கும். கிரீஸ் கறை கொஞ்சம் நிற்கும். உரிந்து தொங்குவதற்கு அது பரவாயில்லை.

4. அளவு போடுங்கள்

10-க்கு 15 அடி அறை, 10 அடி உயரம்: சுற்றளவு 50 அடி, மொத்தம் 500 சதுர அடி. 8-க்கு 8 ஷட்டரும், நாலடிக்கு மேலே உள்ள 4-க்கு 4 ஜன்னலும் கழித்தால் 420. அதில் கீழ்ப்பகுதி 168, மேல்பகுதி 252. சொரசொரப்பான பூச்சில் இரண்டு கோட் (இரண்டு முறை) அடிக்க லிட்டருக்கு 50 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எமல்ஷன் 5 லிட்டர், எனாமல் சுமார் மூன்றரை லிட்டர். 4 லிட்டர் டின் எனாமலில் மிஞ்சுவது ஜன்னல் கம்பிக்கு ஆகும். பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர், ஒரு கோட் அடிக்க 4 முதல் 5 லிட்டர்.

5. அடியுங்கள்

பிரைமர் காய்ந்ததும் மேல்பகுதியை முதலில் முடியுங்கள். சொட்டு விழுந்தாலும் கீழே மறைந்துவிடும். எமல்ஷனில் தண்ணீரை டின்னில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் சேர்த்தால் மூன்றாவது கோட் அடிக்க வேண்டி வரும். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே எமல்ஷனுக்கு 4 முதல் 6 மணி நேரம், எனாமலுக்கு ஓர் இரவு இடைவெளி விடுங்கள். நாலடி உயரத்தில் சுண்ணக்கயிறு தட்டிக் கோடு போட்டுக்கொண்டால் எல்லை நேராக வரும். எனாமலில் டர்பன்டைன் கலந்து அடிக்கும்போது ஷட்டரைத் திறந்தே வையுங்கள். வாடை முழுக்கப் போகும்வரை கிரைண்டரையோ வெல்டிங் மிஷினையோ தொடாதீர்கள்.