குட்டிக் கிறிஸ்துமஸ் மரம் அலங்கரிப்பது எப்படி? மணி உதிராமல், ஒயர் தெரியாமல்

இது 15 செ.மீ. உயரமுள்ள பாட்டில் பிரஷ் மரத்துக்கான செய்முறை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே நாரை வைத்து முறுக்கி, கூம்பாகக் கத்தரித்து விற்கிறார்களே, அதுதான். நாரில் இரண்டு வகை உண்டு. சிசல் என்கிற கற்றாழை நார் சொரசொரப்பாக இருக்கும், பசையை நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்டிக் நார் வழுவழுப்பானது. காய்ந்த பசை அதிலிருந்து தோல் உரிவதுபோல் கழன்று வரும். தேர்ந்தெடுக்க முடிந்தால் சிசலையே வாங்குங்கள்.

மணியின் அளவு

மரம் அழகாக அமையாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். வீட்டில் வைக்கும் 180 செ.மீ. மரத்தில் 7 செ.மீ. உருண்டைகளைத் தொங்கவிடுகிறோம். அதாவது, மரத்தின் உயரத்தில் ஏறக்குறைய 25-இல் ஒரு பங்கு. அதே கணக்கில் 15 செ.மீ. மரத்துக்கு 6 மி.மீ. மணிதான் உச்ச வரம்பு. 10 மி.மீ. மணியை ஒட்டினால் மரத்தில் பூசணிக்காய் காய்த்ததுபோல் இருக்கும்.

ஒரு மரத்துக்கு 6 மி.மீ. மணி 7, 4 மி.மீ. மணி 12, 3 மி.மீ. மணி 8 போதும். பெரியவை அடியில், சிறியவை உச்சியில். பாசிமணி வாங்கும்போது எண்ணைக் கவனியுங்கள்: எண் கூடக் கூட மணி சிறுக்கும். 8/0 என்றால் சுமார் 3 மி.மீ., 11/0 என்றால் 2, 15/0 என்றால் 1.5. நிறம் இரண்டு, கூடத் தங்கமோ வெள்ளியோ ஒன்று. அதற்கு மேல் போனால் இத்தனை சிறிய மரத்தில் கண் எதிலும் நிலைக்காது.

பசை

கெட்டியான வெள்ளைப் பசை, வளைந்த முனையுள்ள சாமணம், பல்குச்சி. இந்த மூன்றும் இருந்தால் போதும். குளூ கன் வேண்டாம்: அதன் ஒரு சொட்டே மணியைவிடப் பெரிது, சிலந்தி வலைபோல் இழை விடும், சூட்டில் பிளாஸ்டிக் நார் சுருண்டுவிடும். சூப்பர் குளூவும் வேண்டாம். அது காயும்போது எழும் ஆவி, பளபளப்பான மணிமேல் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும்.

தயார் செய்தல்

பெட்டியில் அமுங்கிக் கிடந்த நாரைக் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடிகள் காட்டி, பழைய டூத்பிரஷால் கோதிவிடுங்கள் (சிசலுக்கு மட்டும்). பிறகு ஒரு தெர்மக்கோல் கட்டையின் பக்கவாட்டில் மரத்தின் அடிக்கம்பியைச் செருகுங்கள். மரம் எதிலும் படாமல் படுக்கைவாட்டில் நிற்கும். வேலை முழுவதும் இந்த நிலையில்தான்.

விளக்கு

மெல்லிய செம்புக் கம்பி விளக்குச் சரம், 2 மீட்டர், 20 பல்பு. அடிவட்டத்தின் விட்டம் 8 செ.மீ. உள்ள மரத்தை ஏழு சுற்று சுற்றி உச்சிக்குப் போக 90 செ.மீ. ஆகும். எனவே பாதி ஏற, பாதி இறங்கச் சரியாக இருக்கும். கம்பியை நாருக்குள் பல்குச்சியால் தண்டுவரை தள்ளிவிட்டு, பல்பை மட்டும் நுனிவரை இழுத்துவிடுங்கள். மிஞ்சியதை வெட்ட வேண்டாம். வெட்டிய முனையில் இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும். பேட்டரிப் பெட்டியைப் பரிசுப் பெட்டிபோல் தாளில் சுற்றி மரத்தடியில் வைக்கலாம். சுவிட்ச் பக்கம் மட்டும் திறந்திருக்கட்டும். அதில் பட்டன் செல் இருந்தால், மூடி ஸ்குரூ போட்டு மூடுவதாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும் ஆபத்து அதில் இருக்கிறது.

பனியும் சரமும்

பசையில் தண்ணீர் கலந்து தடவாதீர்கள். அது உள்ளே இறங்கி, நார் முழுக்க நனைந்த பூனை முடிபோல் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கலக்காத பசையை ஸ்பாஞ்ச் துண்டில் தொட்டு, நார் நுனியின் மேல்பக்கத்தில் மட்டும் ஒற்றி, வெள்ளை மினுக்குத்தூளைத் தூவுங்கள். பனி மேலிருந்துதானே விழும்? அடிப்பக்கம் பச்சையாகவே இருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

அலங்காரச் சரத்துக்கு ஜரிகை நூல் போதும். அடிக்கம்பியில் முடிந்து மேலே சுற்றிக்கொண்டு போங்கள். இழுத்துக் கட்டாமல், சுற்றுக்கு மூன்று இடத்தில் பசைப் புள்ளி வைத்து, நடுவே லேசாகத் தொய்யவிடுங்கள்.

மணி ஒட்டுவது

மணியில் பசை தொட்டு நாரின் நுனியில் ஒட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அன்று நிற்கும், மறுநாள் மணியின் கனத்தில் நுனி வளைந்து, தொங்கி, உதிரும். நாலைந்து நார் நுனிகளைத் தவிர அதற்குப் பிடிமானம் ஏது?

மணி நாருக்குள் உட்கார வேண்டும். பல்குச்சியால் நாரை விலக்கி ஒரு சின்னக் குழி செய்யுங்கள். குழிக்குள், நுனியிலிருந்து 5 மி.மீ. ஆழத்தில், கடுகளவு பசை. மணியைச் சாமணத்தால் எடுத்துப் பாதி புதையும்வரை அழுத்தி, விலக்கிய நாரை அதன் பக்கவாட்டில் கோதி அணைத்துவிடுங்கள். இப்போது சுற்றிலும் இருபது முப்பது நார் அதைப் பிடித்திருக்கும்.

துளை முன்பக்கம் தெரிந்தால் கண் முழிப்பதுபோல் இருக்கும். துளை மேல்கீழாக வரும்படி திருப்பி வையுங்கள். 6 மி.மீ. மணிகளின் மேல் துளையில் 15/0 தங்கப் பாசி ஒன்றை ஒட்டினால் உண்மையான உருண்டையின் கொண்டைபோலவே இருக்கும். இத்தனை அலங்காரத்தில் எனக்கு மிகப் பிடித்தது இந்த ஒன்றரை மில்லிமீட்டர்தான்.

மேலே தெரியும் பக்கத்தில் மட்டும் ஒட்டி, அரை மணி நேரம் விட்டு, பிறகு மரத்தை மூன்றில் ஒரு பங்கு திருப்புங்கள். அவசரப்பட்டுத் திருப்பினால் ஈரப் பசையில் மணி நழுவும். மூன்று பக்கமும் முடிந்ததும் ஓர் இரவு காயட்டும்.

நட்சத்திரமும் அடித்தளமும்

மினுக்கு அட்டையில் 1 செ.மீ. நட்சத்திரம் இரண்டு வெட்டி, உச்சிக் கம்பியை நடுவில் வைத்து ஒன்றோடொன்று ஒட்டுங்கள். அடியில், பாட்டில் மூடியில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் (இரண்டு பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணீர்) ஊற்றிக் கம்பியை நேராக நிறுத்துங்கள். அது இறுகும்வரை கையெடுக்காதீர்கள். வெறும் அட்டையில் நிறுத்திய மரம் மின்விசிறிக் காற்றுக்கே சாயும்.

பிறகு சேர்த்தவை

பிளாஸ்டிக் மரம்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு: வெள்ளைப் பசைக்குப் பதில், காய்ந்தபின் ரப்பர்போல் வளையும் நிறமற்ற கைவினைப் பசை வாங்குங்கள். குழி செய்யும் முறை அதேதான்.

பசை மறுநாளும் வெள்ளையாகத் தெரிந்தால், அதிகமாக வைத்துவிட்டீர்கள், உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சுரண்டாமல் இன்னும் ஒரு நாள் விடுங்கள், தெளிந்துவிடும்.