டேஷ்போர்டு லைட்டும் பின் லைட்டும் ஒண்ணா போயிடுச்சா? இப்படி பாருங்க

ராத்திரி வண்டி எடுக்குறீங்க, ஹெட்லைட் நல்லா எரியுது, ஆனா மீட்டர் இருட்டா இருக்கு. உடனே டேஷ்போர்ட கழட்ட ஆரம்பிக்காதீங்க, முதல்ல இறங்கி பின்னாடி போய் பின் லைட் எரியுதான்னு பாருங்க. நெறைய வண்டிகள்ல மீட்டர் லைட், பின் லைட் (பார்க் லைட்னும் சொல்லுவாங்க), நம்பர் பிளேட் லைட் எல்லாமே ஒரே பியூஸ்லதான் ஓடும். பிரேக் லைட்டுக்கு தனி பியூஸ், அதனால பிரேக் லைட் எரியுதேன்னு நம்பி ஓட்டிடாதீங்க, பிரேக்க மிதிக்காத நேரம் பூரா பின்னாடி வர்றவனுக்கு உங்க வண்டியே தெரியாது.

பின் லைட் நல்லா எரிஞ்சு மீட்டர் மட்டும் இருட்டுன்னா வெளிச்சத்த கூட்டி குறைக்கிற திருகு வீல் கீழ இறங்கியிருக்கான்னு பாருங்க, சில கேஸ் அதோட முடிஞ்சிடும்.

ரெண்டு லைட்டுமே எரியலன்னா பியூஸ். பியூஸ் பாக்ஸ் மூடியில படம் இருக்கும், டெயில் இல்ல பார்க்னு போட்டத உருவி பாருங்க. போயிருந்தா அதே ஆம்பியர்தான் போடணும், 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். திரும்ப திரும்ப போகுதேன்னு 10 இருந்த இடத்துல 20 போட்டா பியூஸ் பிழைக்கும், ஒயர் உருகும், தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க.

புது பியூஸும் போச்சுன்னா எங்கயோ ஷார்ட். பின் பல்ப் எல்லாத்தையும் கழட்டிட்டு, பியூஸ் இருந்த இடத்துல ஒரு 21 வாட் பல்ப ஒயர் வச்சு மாட்டி லைட் சுவிட்ச போடுங்க. அது முழு வெளிச்சத்துல எரிஞ்சா ஷார்ட் இன்னும் இருக்கு. இப்போ ஒயர ஒவ்வொரு இடமா அசைச்சிட்டே வாங்க, எந்த இடத்துல பல்ப் மங்குதோ அங்கதான் கோளாறு. முதல்ல டிக்கி கீல் பக்கத்து ரப்பர் குழாய பாருங்க, தெனமும் தெறந்து மூடி உள்ள ஒயர் தோல் உரிஞ்சிருக்கும். அடுத்து நம்பர் பிளேட் லைட் ஹோல்டர், அப்புறம் வெளில மாட்டின ஸ்டீரியோ. (புது வண்டில லைட்ட கம்ப்யூட்டர் யூனிட் பாத்துக்கும், அதுல இந்த வேலை வேண்டாம், யூனிட் போயிடும்.)

ரொம்ப குழப்புறது இன்னொண்ணு. லைட் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு, பிரேக் மிதிச்சா மீட்டர் லைட் லேசா எரியுது. இது பேய் வேலை இல்ல, எர்த் (கரண்ட் பேட்டரிக்கு திரும்பி போற வழி) போயிருக்கு. பின் பல்ப்புக்குள்ள பிரேக்குக்கு 21 வாட், பார்க்குக்கு 5 வாட்னு ரெண்டு இழை, ரெண்டுக்கும் எர்த் ஒண்ணுதான். அது துருப்பிடிச்சா பிரேக் கரண்ட் போக வழியில்லாம 5 வாட் இழை வழியா திரும்பி ஓடி மீட்டர் வரைக்கும் வந்துடும். ஹோல்டர்ல பச்சை களிம்பு இருந்தா உப்புத்தாள் போட்டு தேய்ங்க, எர்த் போல்ட்ட கழட்டி அடியில இரும்பு பளபளன்னு தெரியுற வரை சுத்தம் பண்ணி இறுக்குங்க. பல்ப் எரியும்போது மல்டிமீட்டர் சிவப்பு முனைய ஹோல்டர் எர்த்லயும் கறுப்ப பேட்டரி நெகட்டிவ்லயும் வச்சு பாருங்க, 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த் இன்னும் சரியாகல.

பல்ப திரும்ப போடுறப்போ பக்கவாட்டு ரெண்டு முளையும் வேற வேற உயரத்துல இருக்கும், பலவந்தமா திருப்பி மாட்டினா பார்க் லைட்டுக்கு 21 வாட் எரியும். கடைசியா ஒருத்தர பின்னாடி நிக்க வச்சு, பார்க் லைட்ட போட்டுட்டு பிரேக்க மிதிங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பளிச்சுன்னு கூடணும், மீட்டர் லைட் அசையவே கூடாது.