தொண்டு நிறுவனம், சிறுதொழில் நிர்வாகத்துக்குப் போகிறவர்கள் கல்லூரியில் செய்யும் தவறுகள்

ஒவ்வொரு ஜூன் மாதமும் எங்கள் அலுவலகத்துக்குப் புதுப் பட்டதாரிகள் வருகிறார்கள். எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி முதுகலை), பிபிஏ, பி.காம். நல்ல பிள்ளைகள். மக்களோடு பழகத் தெரியும், உழைக்கத் தயங்குவதில்லை. ஆனால் நாங்கள் எல்லாம் தடுக்கி விழுந்த அதே இடங்களில் இவர்களும் விழும்போது மனசு கேட்கவில்லை. பயோடேட்டாவில் எழுத்துப்பிழை, நேர்காணலுக்குத் தாமதம் போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

கணக்கை ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஓர் அறக்கட்டளை, ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியில் மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்தியது. ஆசிரியர் மதிப்பூதியம், புத்தகம், வாடகை என்று ஒப்பந்தத்தில் தலைப்பு வாரியாகத் தொகை பிரித்திருந்தார்கள். நடுவில் ஆசிரியர்கள் சிலர் விலக, மதிப்பூதியப் பணம் மிஞ்சியது. பொறுப்பில் இருந்த இளைஞர் அந்தப் பணத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை வாங்கிக் கொடுத்துவிட்டார். ஒரு ரூபாய்கூட வீணாகவில்லை, பில்லும் பத்திரமாக இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தில் பை என்ற தலைப்பே கிடையாது. மார்ச் முடிந்து, பணம் சொன்ன வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டபோது ஆடிட்டர் கையெழுத்துப் போட மறுத்தார். அடுத்த தவணை நின்றது. மீதி ஆசிரியர்களுக்குச் சம்பளம் இல்லை. மூடிய மையங்களில் சில திறக்கவே இல்லை.

“மதிப்பூதியத்தில் மீதி இருக்கிறது, பைக்கு மாற்றிக்கொள்ளலாமா?” என்று முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் போதும். பெரும்பாலான நிதியாளர்கள் ஒத்துக்கொள்வார்கள். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தனை வருஷப் படிப்பில் யாரும் அவர் கையில் ஒரு பட்ஜெட் தாளைக் கொடுத்து “படி” என்று சொல்லவில்லையே, அதுதான் ஆத்திரம்.

வெளிநாட்டு நிதி என்றால் இன்னும் கெடுபிடி. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை 2020 சட்டத் திருத்தம் 20 சதவீதமாகக் குறைத்துவிட்டது. எந்தச் சம்பளம் நிர்வாகச் செலவில் விழும், எது திட்டச் செலவு என்று தெரியாமல் ஆள் எடுத்தால் சிக்கல்தான்.

சிறுதொழிலுக்குப் போகிறவர்களும் தப்ப முடியாது. திருப்பூரில் ஒரு சிறிய யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு போய்விட்டது, பில்லும் போட்டாயிற்று, ஏட்டில் லாபம் தெரிகிறது. பணம் வர இன்னும் நாளாகும். சனிக்கிழமை கூலி கொடுக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் என்றால் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டியும் கட்டியாக வேண்டும், வாங்கியவர் பணம் தந்திருந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி. லாபத்தில் ஓடுகிற யூனிட் கைக்காசு இல்லாமல் முடங்குவது இப்படித்தான்.

கல்லூரியிலேயே இதைப் பழகலாம். என்எஸ்எஸ் சிறப்பு முகாம் 7 நாள் நடக்கும். எல்லோரும் மைக்கைத் தேடிப் போவார்கள். நீங்கள் சமையல் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். காய்கறி, அரிசி, கேஸ், வண்டி வாடகை என்று ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் போட்டு, ராத்திரி படுக்கும் முன் கையிருப்பை எண்ணி நோட்டோடு ஒத்துப் பாருங்கள். 40 ரூபாய் இடித்தால் அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் தூங்காதீர்கள். அப்புறம் விடுமுறையில் தெரிந்த கடையிலோ பட்டறையிலோ உட்கார்ந்து டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதியக் கற்றுக்கொள்ளுங்கள்.

எந்த எம்பிஏவும் ஒன்றுதான் என்று நினைப்பது

இல்லை. பால் கூட்டுறவுகளை நடத்தத் தேர்ந்த நிர்வாகிகள் வேண்டும் என்பதற்காக வர்கீஸ் குரியன் 1979-இல் குஜராத்தின் ஆனந்தில் இர்மா என்ற ஊரக மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்க வேண்டும். சேரும் முன் பாடத்திட்டத்தில் களப்பணி எவ்வளவு என்று பாருங்கள்.

சம்பளம் பேசக் கூச்சப்படுவது

சேரும்போதே கேளுங்கள்.

ஆங்கிலம் வராது என்று ஒதுங்குவது

முதலில் தமிழில் ஒரு பக்கம் தெளிவாக எழுதிப் பழகுங்கள்.

டிரஸ்ட், சங்கம், கம்பெனி எல்லாம் ஒன்றுதான் என்று விடுவது

டிரஸ்ட்டில் அறங்காவலர்கள் முடிவெடுப்பார்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தில் பதிவான சங்கத்தில் பொதுக்குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டும். லாப நோக்கற்ற நிறுவனமாக, கம்பெனிச் சட்டம் 8-ஆம் பிரிவில் பதிவானால் இயக்குநர் குழு. சேரப்போகும் இடத்தின் பத்திரத்தையோ பைலாவையோ (விதித் தொகுப்பு) கேட்டு வாங்கிப் படியுங்கள். வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.