வடையும் பாயசமும் ஒட்டிக்கொண்ட கதை: புது சிஎஸ்எஸ்ஸை எப்போது நம்பலாம்?

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது பெரியப்பாவின் கேட்டரிங் கடைக்கு ஒரு மெனு பக்கம் செய்து கொடுத்தேன். ஒவ்வொரு பலகாரத்துக்கும் ஓர் அட்டை, அட்டைகளுக்கு நடுவே அளவான இடைவெளி. என் மடிக்கணினியில் அழகாக இருந்தது, ஹேண்ட்போனிலும் அழகாக இருந்தது. அன்று இரவே பெரியப்பா கூப்பிட்டார். "என்னம்மா, வடையும் பாயசமும் ஒட்டிக்கிட்டு நிக்குது? எது எந்த விலைன்னே தெரியலையே!"

மறுநாள் வேலை முடிந்து சிங்கப்பூர் தேக்காவில் இறங்கி நேரே கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில், ஓரம் நசுங்கிய உறைக்குள் ஓர் ஐபேட் மினி 2. 2013இல் வந்த சாதனம். ஐஓஎஸ் 12க்கு மேல் அது போகாது. பெரியப்பா ஆர்டர் எடுப்பதே அதில்தான். 12 வெள்ளி விலை வடை அட்டையிலா, பாயச அட்டையிலா என்று உண்மையிலேயே சொல்ல முடியவில்லை.

நான் போட்ட புது சிஎஸ்எஸ் (பக்கத்தின் அலங்காரத்தை எழுதும் மொழி) வசதி ஒன்று அந்தப் பழைய பிரவுசருக்குத் தெரியாததுதான் காரணம். அதைச் சரிசெய்ய இரண்டு ராத்திரி போனது. உங்களுக்கு அவ்வளவு ஆகக்கூடாது என்றுதான் இந்தப் பதிவு. ஸ்டைல்ஷீட்டைப் பக்கத்தோடு இணைப்பது, செலக்டர் எழுதுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். குறியீட்டுச் சொற்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

படி 1: யார் எதில் பார்க்கிறார்கள்?

உலக அளவில் எந்த பிரவுசர் எத்தனை விழுக்காடு என்ற வரைபடங்களை மூடிவையுங்கள். உங்கள் தளத்துக்கு வருபவர்கள் யார் என்பதுதான் கணக்கு. வருகைக் கணக்கைக் காட்டும் அனலிட்டிக்ஸில் பிரவுசர் பெயரோடு நிறுத்தாமல் பதிப்பு எண் வரை பிரித்துப் பாருங்கள்.

இதில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். ஐபோனில் குரோம் என்று தெரிந்தாலும் சிங்கப்பூரில் உள்ளே ஓடுவது சஃபாரியின் வெப்கிட் என்ஜின்தான் (என்ஜின் என்றால் பக்கத்தை வரைந்து காட்டும் உள்மென்பொருள்). அதனால் ஐபோனுக்கும் ஐபேடுக்கும் பிரவுசர் பதிப்பை விட்டுவிட்டு ஐஓஎஸ் பதிப்பைப் பாருங்கள். அப்புறம், ஐபேடுஓஎஸ் 13 முதல் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே சொல்லிக்கொள்கிறது. 'நம் தளத்துக்கு ஐபேடில் யாரும் வருவதில்லை' என்று நினைத்தால் தவறு, அவர்கள் மேக் வரிசையில் கலந்து நிற்பார்கள்.

படி 2: உண்மையான பழைய சாதனம் ஒன்று வாங்குங்கள்

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் ஐபேட் என்று தேர்ந்தெடுத்தால் திரை அளவு மட்டும்தான் சுருங்கும். உள்ளே இருப்பது உங்களுடைய அதே புது என்ஜின். நான் முதல் ராத்திரி முழுக்க அங்கேயே தேடிக்கொண்டிருந்தேன், வடையும் பாயசமும் கண்ணியமாகத் தள்ளித்தான் நின்றன.

கடைசியில் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் 35 வெள்ளிக்கு ஒரு பழைய ஐபேட் வாங்கி, எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றிக்கொண்டேன். வாடகைக்குப் பல சாதனங்களைத் தரும் இணையச் சேவைகளும் உண்டு. எனக்கு அவை பிடிக்கவில்லை. மெதுவாக இருக்கும், விரலால் தேய்த்துப் பார்க்கவும் முடியாது.

படி 3: பழையது முதலில், புதியது அதன் கீழே

சிஎஸ்எஸ்ஸின் மிக நல்ல குணம், புரியாத வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவது. ஒரே பண்பை இரண்டு முறை எழுதினால், பிரவுசருக்குப் புரிந்தவற்றில் கடைசி வரி ஜெயிக்கும். உயரத்துக்கு முதலில் 100விஎச் (திரையின் முழு உயரம்), அடுத்த வரியில் 100டிவிஎச் (முகவரிப் பட்டை மறைவதற்கேற்ப மாறும் உயரம்) என்று எழுதுங்கள். புது பிரவுசர் இரண்டாவதை எடுத்துக்கொள்ளும், பழையது முதல் வரியோடு திருப்தியாக இருக்கும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

படி 4: நான் வழுக்கி விழுந்த இடம்

இடைவெளிக்கு நான் ஃபிளெக்ஸ்பாக்ஸில் (பெட்டிகளை வரிசையாக அடுக்கும் லேஅவுட் முறை) 'கேப்' என்ற பண்பைப் போட்டிருந்தேன். ஃபிளெக்ஸ்பாக்ஸில் கேப் என்பது ஃபயர்ஃபாக்ஸில் 2018இலும், குரோமில் 2020இலும், சஃபாரியில் 2021 ஏப்ரலில் வந்த 14.1 பதிப்பிலும்தான் வந்தது. ஐஓஎஸ் 12க்கு அது தெரியாது. சரி, '@சப்போர்ட்ஸ்' என்று ஒன்று இருக்கிறதே, பிரவுசரிடமே 'உனக்கு கேப் தெரியுமா?' என்று கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். தெரியும் என்றால் கேப், தெரியாது என்றால் மார்ஜின் (ஒவ்வொரு பெட்டிக்கும் வெளியே விடும் இடம்).

எழுதினேன். ஐபேடில் திறந்தேன். இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. கேஷை அழித்தேன், ஐபேடை அணைத்துப் போட்டேன், கோப்பின் பெயரையே மாற்றினேன். எதுவும் நடக்கவில்லை.

காரணம் இதுதான். கிரிட் என்ற இன்னொரு லேஅவுட் முறையிலும் கேப் என்ற அதே பண்பு இருக்கிறது. ஐஓஎஸ் 12 சஃபாரிக்குக் கிரிட்டில் கேப் நன்றாகவே தெரியும். '@சப்போர்ட்ஸ்' கேட்பது 'இந்தப் பண்பு உனக்குத் தெரியுமா' என்று மட்டும்தான். எந்த லேஅவுட்டில் என்று அது கேட்பதே இல்லை. அதனால் பழைய சஃபாரி 'ஓ, தெரியுமே!' என்று சொல்லிவிட்டு ஃபிளெக்ஸ்பாக்ஸில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது. அது பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு.

தீர்வு இரண்டு. அட்டைகள் வரிசையும் பத்தியுமாக அடுக்கப்படுவதென்றால் ஃபிளெக்ஸ்பாக்ஸை விட்டுவிட்டு கிரிட்டுக்கே போங்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் கிரிட் 2017 மார்ச்சிலேயே வந்துவிட்டது. பெரியப்பாவின் மெனுவுக்கு நான் செய்தது இதுதான்.

ஃபிளெக்ஸ்பாக்ஸ்தான் வேண்டும் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. முதலில் எல்லோருக்கும் மார்ஜினால் இடைவெளி கொடுங்கள். பிறகு '@சப்போர்ட்ஸ்' போட்டு, கேப்பைப் பற்றிக் கேட்காமல் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ' (அகல-உயர விகிதம்) தெரியுமா என்று கேளுங்கள். அந்தப் பண்பு மூன்றிலுமே 2021இல் வந்தது, அது தெரிந்த பிரவுசருக்கு ஃபிளெக்ஸ்பாக்ஸ் கேப்பும் தெரியும். அந்தத் தொகுதிக்குள் மார்ஜினைப் பூஜ்யமாக்கிவிட்டு கேப் போடுங்கள். பூஜ்யமாக்க மறந்தால் இடைவெளி இரட்டிப்பாகும். சஃபாரி 14.1 மட்டும் இந்தக் கேள்வியில் தோற்றுப்போகும். பரவாயில்லை, அதற்கு மார்ஜின் கிடைக்கும்.

ஆட்டோபிரிஃபிக்சர் என்ற கருவி இதைச் சரிசெய்யாதா என்று கேட்பீர்கள். செய்யாது. பெயருக்கு முன்னொட்டு சேர்ப்பதுதான் அதன் வேலை, இல்லாத வசதியை உண்டாக்கித் தராது.

படி 5: அடுத்து எது நிலைக்கும்?

வருடம் பிறந்தால் 'இந்த ஆண்டின் வெப் டிசைன் போக்குகள்' என்று பட்டியல்கள் வரும். ஒன்றில் கண்ணாடி போன்ற பின்னணி, இன்னொன்றில் பெரிய எழுத்து. அது ஆடைக்கடை விளம்பரம் மாதிரி. ஸ்டைல்ஷீட் எழுதுபவருக்கு வேண்டியது வேறு: இந்த வசதி மூன்று என்ஜின்களிலும் வருமா? குரோமிலும் எட்ஜிலும் ப்ளிங்க், சஃபாரியில் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ. ஓர் என்ஜினில் மட்டும் இருப்பதை இன்னும் வெறும் சோதனையாகவே நினைத்துக்கொள்ளுங்கள். அடோபி முன்மொழிந்த சிஎஸ்எஸ் ரீஜன்ஸ் நினைவிருக்கிறதா? பத்திரிகைப் பக்கம் போல ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு எழுத்து வழிந்தோடும் என்று ஒரு காலத்தில் எல்லோரும் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். 2014இல் ப்ளிங்க் அதைத் தூக்கி எறிந்தது.

நான் பார்ப்பது இரண்டு இடங்களை. ஒன்று, இன்டர்ஆப். ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொஸில்லா எல்லாம் சேர்ந்து, இந்த ஆண்டு எந்தெந்த வசதிகளை எல்லா பிரவுசர்களிலும் ஒரே மாதிரி நடக்கச் செய்வது என்று பட்டியல் போடுகிறார்கள். அதில் ஒரு பெயர் வந்துவிட்டால் மூன்று என்ஜின்களும் அதில் கைவைக்கின்றன என்று அர்த்தம். ':ஹாஸ்' செலக்டரும் (உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது) கன்டெய்னர் குவெரியும் (பெட்டியின் அளவுக்கேற்ப அலங்காரத்தை மாற்றுவது) 2023 பட்டியலில் இருந்தன.

இன்னொன்று, பேஸ்லைன். முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்த நாளிலிருந்து 30 மாதம் போனால் அதைப் 'பரவலாகக் கிடைப்பது' என்று சேர்க்கிறார்கள். ':ஹாஸ்' சஃபாரியில் 2022 மார்ச்சில் வந்தது, ஃபயர்ஃபாக்ஸில் 2023 டிசம்பரில். கடைசியாக வந்ததிலிருந்துதான் கணக்கு, ஆகவே 2026 ஜூன். முதலில் வந்த தேதியைப் பார்த்து நாம் துள்ளுகிறோம், பார்க்கவேண்டியது கடைசித் தேதியை.

ஆனால் 30 மாதமும் பெரியப்பாவின் ஐபேடைக் காப்பாற்றாது, அது அதைவிடப் பழையது. அதனால் ஒவ்வொரு புது வசதிக்கும் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பழைய பிரவுசர் இதைத் தாண்டிப் போனால் என்ன ஆகும்? 'டெக்ஸ்ட் ராப் பேலன்ஸ்' போட்டால் தலைப்பின் வரிகள் சம நீளத்தில் மடியும். நம் தலைப்புகளில் நீளச் சொற்கள் அதிகம், கடைசி வரியில் ஒரே ஒரு சொல் அனாதையாக நிற்பது தினசரிக் காட்சி. அது புரியாத பிரவுசரில் என்ன ஆகும்? அனாதைச் சொல் அங்கேயே நிற்கும், அவ்வளவுதான். இதை நான் யாரையும் கேட்காமல் போட்டுவிடுவேன். விலையும் 'வாங்கு' பொத்தானும் ஒரு வசதியை நம்பி இருந்தால் மட்டும் காத்திருப்பேன்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகி எழுதியிருந்தார், அட்டைகளின் நிறமே போய்விட்டதாம். காற்புள்ளி போட்டு இரண்டு செலக்டர்களைச் சேர்த்து எழுதியிருக்கிறார், இரண்டாவதில் ':ஹாஸ்'. படி 3இல் நான் சொன்ன நல்ல குணம் இங்கே கிடையாது. பட்டியலில் ஒரு செலக்டர் புரியாவிட்டாலும் பிரவுசர் விதி முழுவதையும் வீசிவிடும். இரண்டையும் தனித்தனி விதியாகப் பிரித்து எழுதுங்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தவறு.

பின்சேர்க்கை 2: உட்லண்ட்ஸில் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன் தன் விண்டோஸ் 7 கணினியில் பாதி அலங்காரம் வரவில்லை என்றார். விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி குரோம் 109. விதிக்குள் விதி எழுதும் நெஸ்டிங் குரோம் 112இல்தான் வந்தது, எனவே உள்ளே எழுதியது அத்தனையும் போய்விட்டது. நெஸ்டிங் பிடித்திருந்தால் சாஸில் (சாதாரண சிஎஸ்எஸ்ஸாக மாற்றித் தரும் கருவி) எழுதித் தட்டையாக்கி ஏற்றுங்கள். எனக்கு அதுதான் இன்றும் வசதி. அண்ணனுக்கு அப்படிச் செய்த கோப்பை அனுப்பினேன், பக்கம் ஒழுங்காக வருகிறதாம். மேல் ஓரத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் வெட்டுப்படுகிறது என்கிறார். தமிழ் எழுத்துக்கு வரி உயரம் 1.2 போதாது, 1.6 வைத்துப் பாருங்கள் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன்.