பென்ஷன் வாங்கும் பெரியவர் வீட்டில் இருக்கிறாரா?

வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்களில் முன்னாள் ராணுவத்தினர் நிறையப் பேர். நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும் என்பது மோசடிக்காரனுக்கும் தெரியும். "ஐயா, உங்க சான்று பதிவாகலை, பென்ஷன் நின்னுடும், ஓடிபி சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் பேசுவான். பென்ஷன் நிற்கும் என்றால் எந்தப் பெரியவருக்கும் பதறத்தான் செய்யும்.

அதனால் இப்போதே சொல்லிவையுங்கள்: சான்றுக்காக எந்த அதிகாரியும் போனில் ஓடிபி கேட்பதில்லை. வங்கிக்கு நேரில் போகலாம். முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து, ஆதாரை வைத்துக் கைரேகை எடுத்து முடித்துத் தருவார். இந்த வசதி பலருக்குத் தெரிவதே இல்லை.

அப்புறம், யாராவது சொல்லி ஏதாவது ஆப் ஏற்றியிருக்கிறாரா என்று அவர் போனைப் பாருங்கள். திரையை அப்படியே அடுத்தவருக்குக் காட்டும் ஆப் இருந்தால் உடனே நீக்குங்கள்.

பணம் போய்விட்டால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டு விழும் என்று பயந்து மறைக்கிற நேரத்தில்தான் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடுகிறது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்தால் அதை முடக்க வாய்ப்பு உண்டு. அந்த எண்ணைப் பெரிதாக எழுதி, அவர் தினமும் தேதி கிழிக்கும் காலண்டர் அட்டையில் ஒட்டிவிடுங்கள்.