யாழ்ப்பாணத்தில் குடியிருக்க வருவோர் முதலில் கிணற்றைப் பார்க்கவேண்டும்

2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. அதன் பிறகு, யாழ்ப்பாணத்தில் வந்து இருந்து பார்க்கலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சென்னையில் வீட்டிலிருந்தே கணினி வேலை செய்பவர்கள், சிங்கப்பூரில் ஓய்வு பெறப்போகிறவர்கள், மலாயா றெயில்வேயில் வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் எனப் பலரும் கேட்கிறார்கள். மொழி ஒன்றுதானே, புதிதாகக் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்ற எண்ணம் இவர்கள் எல்லோரிடமும் இருக்கிறது. நீங்கள் வருவது வேறொரு நாட்டுக்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே இதை வாசியுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவும் மலேசியாவும் சிங்கப்பூரும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆகவே உங்கள் பாட்டனார் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்தவராக இருந்தாலும், உங்கள் கையில் அந்த நாடுகளில் ஒன்றின் கடவுச்சீட்டு இருந்தால், இலங்கையில் நீங்கள் வெளிநாட்டவரே. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுக்கிறது. 99 ஆண்டுகள் வரை குத்தகைக்கு எடுப்பதை அனுமதிக்கிறது. இதற்கு மாற்றுவழியாக ஓர் உறவினர் பெயரில் காணி வாங்கி வைக்கும்படி உங்களுக்கு யாராவது ஆலோசனை சொல்லக்கூடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், யார் பெயர் இருக்கிறதோ அவருடைய காணிதான் அது. அவருக்குப் பின் அவருடைய பிள்ளைகள் உங்களை யாரென்று கேட்கும் நாள் வரும். விசாவும் அப்படித்தான்: சுற்றுலா விசாவில் வந்து இங்கே சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. ஆகவே இருக்கும் வேலையை விடுவதற்கு முன்னரே கொழும்புக்கு அருகே பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் வதிவிட விசாவைப் பற்றி விசாரித்துத் தெளிந்துகொள்ளுங்கள்.

இனி வீடு. வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் அறைகளையும் குளியலறையின் மாபிளையும் பார்த்துவிட்டு முற்பணம் கொடுத்துவிடுகிறார்கள். நான் உங்களை வளவின், அதாவது வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தின், பின்பக்கத்துக்குத்தான் முதலில் அனுப்புவேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் வழுக்கியாறு ஒன்று உண்டு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை நிலத்தடியிலுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்க, அந்த நன்னீர் கீழேயிருக்கும் உவர்நீரின் மேல் ஒரு படையாக நிற்கிறது. இதைப் புரிந்துகொள்ள நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உண்டு. உங்கள் வளவுக் கிணறும் அதே அமைப்பின் சிறிய வடிவம்தான். மோட்டரை நீண்ட நேரம் ஓடவிட்டுத் தண்ணீரை இறைத்தால் மேலிருக்கும் நன்னீர் குறையும். கீழிருக்கும் உவர் மேலே ஏறும். ஒருமுறை உவர்பட்ட கிணறு எளிதில் திரும்புவதில்லை.

எங்கள் ஒழுங்கையில், அதாவது சிறு தெருவில், சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் மாசி மாதத்தில் வீடு எடுத்தது. அப்போது கிணறு கையெட்டும் உயரத்தில் தெளிந்து கிடந்தது. ஆடி மாதத்தில் அந்த வீட்டு அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது: கேத்திலின் உள்ளே நகக்கண் அளவுக்கு வெள்ளைப் படிவு, தலைமுடியில் நுரைக்காத சவர்க்காரம், வாளியில் அள்ளிய தண்ணீரில் நாக்கு உணரும் மெல்லிய உப்பு. வெள்ளைப் படிவு சுண்ணக்கல்லால் வருவது. அதோடு நாங்கள் எல்லோரும் வாழப் பழகியிருக்கிறோம். உப்புத்தான் கவலைக்குரியது. வீட்டுச் சொந்தக்காரர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை; அவர்களும் கேட்டிருக்கவில்லை.

ஆகவே கேளுங்கள். கிணறு கோடையில் எவ்வளவு இறங்குகிறது என்பதைச் சொந்தக்காரரிடம் கேட்பதைவிட அயல்வீட்டாரிடம் கேட்பது நல்லது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். அயல்வீட்டுக் குழியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பக்கத்தில் வெங்காயமோ புகையிலையோ செய்கிற தோட்டம் இருந்தால், உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்று தண்ணீரில் கலந்திருக்கக்கூடும் என்பதால், ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் முடிவெடுக்காதீர்கள். குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் இதை மிகவும் கவனிக்கவேண்டும், ஏனென்றால் புட்டிப்பால் கரைக்கும் தண்ணீரில்தான் ஆபத்து அதிகம்.

நீண்டகாலக் குத்தகை எழுதுவதானால், அந்தக் கிணறு வீட்டுக்கு மட்டும் உரியதா, அல்லது பங்குக் கிணறா என்பதை உறுதியில் பாருங்கள். பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் தனியாக எழுதப்பட்டிருக்கும். காணியின் அளவு இங்கே பரப்புக் கணக்கில் சொல்லப்படும். 16 பரப்பு ஓர் ஏக்கர். இவற்றைவிட முக்கியமானது தேசவழமைச் சட்டம். ஒல்லாந்தர் காலத்தில் 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட அந்த வழமை வடமாகாணத் தமிழரின் சொத்து விடயத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் பாராதீனப்படுத்த முடியாது, அதாவது விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. இங்கே சீதனமாக வந்த வீடுகள் ஏராளம் என்பதால், நீங்கள் எடுக்கும் வீடு ஒரு பெண்ணின் பெயரில் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். கணவர் வெளிநாட்டில் இருந்தாலும், அவருடைய சம்மதம் எழுத்தில் வந்துசேரும் வரை பொறுத்திருங்கள். உறுதி எழுதும் நல்ல நொத்தாரிசு ஒருவரை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்; வீட்டுக்காரரின் நொத்தாரிசு வீட்டுக்காரருக்காகவே வேலை செய்வார்.

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால், எட்டாம் ஒன்பதாம் தரத்தில் அவர்களைப் பெயர்த்துக் கொண்டுவருவதை நான் விரும்பமாட்டேன். இங்கே அரச பாடசாலைகளில் விஞ்ஞானமும் கணிதமும் பெரும்பாலும் தமிழிலேயே கற்பிக்கப்படுகின்றன. 11 ஆம் தரத்தில் சாதாரண தரப் பரீட்சையும், 13 ஆம் தரத்தில் உயர்தரப் பரீட்சையும் வரும். தமிழ்நாட்டில் இயற்பியல், வேதியியல் என்று படித்த பிள்ளை இங்கே பௌதிகவியலையும் இரசாயனவியலையும் சந்திக்கும். ஆங்கிலத்தில் படித்த பிள்ளைக்கு எல்லாக் கலைச்சொற்களும் புதியவை.

வீட்டுப் பேச்சிலும் கவனம் வேண்டும். இங்கே ‘பேசுவது’ என்றால் ஏசுவது. "நேற்று உங்கள் மகனிடம் பேசினேன்" என்று அயல்வீட்டு அம்மாவிடம் சொன்னால், பிள்ளை என்ன பிழை செய்தான் என்று அவர் பதறுவார். ‘கதைத்தேன்’ என்று சொல்லுங்கள். வந்த முதல் வாரத்திலேயே விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், போய் நேரில் அறிமுகமாகிக்கொள்ளுங்கள். அயலவர்களிடம் போரைப் பற்றியும், வீட்டுச் சுவரில் மாலையிட்டிருக்கும் படத்தில் இருப்பவரைப் பற்றியும் நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்ல நினைக்கும்போது சொல்வார்கள், அப்போது முழுவதையும் கேளுங்கள்.

நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் நகரில் வாடகைக்கு இடம் கிடைப்பது கடினம். திருவிழா முடிந்து, மழை இறங்குவதற்கு முன், புரட்டாசியில் வாருங்கள். கிணறுகள் மிகவும் இறங்கியிருக்கும் காலம் அது. சிறிய வீடொன்றை மாத வாடகைக்கு எடுத்து, கார்த்திகை வெள்ளத்தில் ஒழுங்கைக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதையும், அதன் பின் வரும் நுளம்பையும் டெங்குக் காய்ச்சலையும் நேரில் கண்டு, விசாவை முறைப்படி நீடித்துக்கொண்டு தை வரை இருங்கள். புரட்டாசியில் எட்டிப்பார்த்த கிணற்றை மழைக்குப் பின் இன்னொரு முறை எட்டிப்பார்த்து, தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்த பிறகு குத்தகை உறுதியில் கையொப்பமிடுங்கள்.